நாட்டு அணிக்கு ஆடாத மேனேஜர்

தாயி,

நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியதிலிருந்து நான் கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உன் அம்மா குடையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே உன் பின்னால் புறப்பட்டுவிட்டாள். "நீங்க வரலையா?" என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். "என்ன வேலை? அந்தக் கம்ப்யூட்டர்ல வெள்ளக்காரப் பயலுகள மேய்க்கிற வேலைதான?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இன்று அதைத் திறக்கக்கூட மனம் வரவில்லை. மின்விசிறியைக் கூட்டி வைத்தேன், குறைத்தேன், வாசலில் காய்ந்த துணியை எடுத்து மடித்தேன். பிறகு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அணியின் கால்பந்து ஆட்டம் முடியும் வரை நான் இந்தத் திருநகர் வீட்டை விட்டு வெளியே போய்விடக் கூடாது. எழுதிக்கொண்டிருந்தால் கால் சும்மா இருக்கும் என்று நம்புகிறேன்.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காததே எனக்கு ஒரு உறுத்தல். பெண் பயிற்சியாளரின் அப்பா என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. உண்மை வேறு. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். அந்த மைதானத்துக்கு வந்து நின்றால் நாலு பேராவது ஓடி வந்து "சார், வணக்கம் சார்" என்பார்கள். "நம்ம மேடம் சாரோட மகளாம்ல" என்று கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் நீ சொல்வதை அவர்கள் கேட்பார்கள். ஆனால் உன் பேச்சைக் கேட்டதாக இருக்காது. என் பழைய பிரம்புக்குப் பயந்ததாகத்தான் இருக்கும். நீ இதுவரை உன் அப்பா யார் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் அடுப்படியில் நின்று சொன்னாய். நான் கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இடைவேளையில் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, இடது பக்கம் ஓட்டையாகக் கிடக்கிறது, மேலே போகிறவர் திரும்பி வரவேண்டும் என்று நீ சத்தமாகச் சொன்னாய். இடது பக்கம் ஆடுகிறவர் கேப்டன் செல்வம். உன்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "மேடம், நீங்க எந்த டீமுக்கு ஆடுனீங்க?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஒருவன் உனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டியிருக்கிறான். அந்த ஆட்டம் தோற்றது. "அடுத்த ஞாயிறு மேட்சோட விட்டுர்றேம்மா. என் பேச்ச ஒரு பய மதிக்கல" என்றாய். அந்த ஞாயிறு இன்றுதான்.

உன் அம்மா, "விட்டா விட்டுட்டுப் போ. ஸ்கூல் வேல இருக்குல்ல" என்றாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது உன் முழங்கால் பிசகியது நினைவுக்கு வந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தாய். ஆடவே முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நீ அழவில்லை. லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கால்பந்து அணி ஒன்றை நடத்துகிற அந்த மேனேஜர் விளையாட்டை ஆட ஆரம்பித்தாய். கால் ஓய்ந்தாலும் கண் மைதானத்தை விடவில்லை என்று நான் அப்போது பெருமைப்பட்டேன். அதிலிருந்துதான் பயிற்சியாளர் படிப்பு, பசுமலைப் பள்ளியில் உடற்கல்வி வேலை, இப்போது ஆரப்பாளையம் பையன்களின் இந்த கிளப். இத்தனையும் ஒரு சிரிப்பில் கவிழ்ந்துவிடுமா?

இங்கே நான் அந்த விளையாட்டைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும். நீ சிரித்தாலும் பரவாயில்லை. ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகாமல், நீ புது லாப்டாப் வாங்கியதும் பழையதை எடுத்து நானும் ஆடத் தொடங்கினேன் அல்லவா? தொடக்கத்திலேயே அது ஒரு கேள்வி கேட்டது: இதற்கு முன் நீங்கள் எந்த அளவில் ஆடியவர்? நான் பொய் சொல்லிப் பழகாதவன். எல்லாவற்றுக்கும் கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். வாரக் கடைசியில் பொழுதுபோக்குக்கு ஆடியவர் என்று அதற்குப் பொருள். அதுகூட எனக்கு அதிகம்தான். எனக்குக் கிடைத்தது இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரின் நான்காம் பிரிவு அணி. அதில் மொட்டைத் தலையோடு ஒரு மூத்த முன்கள வீரர் இருந்தார். அவரை மொட்டை என்றே நான் அழைத்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை என்னைப் படுத்திய பாடு உனக்குத் தெரியாது. இடைவேளையில் நான் "இன்னும் நன்றாக ஆடமுடியும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்ற வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால், அவர் பெயருக்கு நேரே 'அக்கறை காட்டவில்லை' என்று வரும். பாராட்டினாலும் அதேதான். கடுமையாகப் பேசினால் பெயர் சிவப்பாக மாறி எரிச்சல்படுவார். அவரைப் பார்த்து மற்ற இரண்டு மூன்று பேரும் சிவப்பார்கள். முதலில் எனக்கு ஆங்கிலம் சரியாகப் புரியவில்லையோ, தப்பான பொத்தானை அழுத்துகிறேனோ என்று நினைத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன். வாக்கியத்தில் குறை இல்லை.

அறிவியல் வாத்தியார் சும்மா இருப்பேனா? ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பேனே, அதே முறை. புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கினேன். அதே அணி, அதே மொட்டை. தொடக்கக் கேள்விக்கு மட்டும், நாட்டு அணிக்காக ஆடியவர் என்று பதில் போட்டேன். நீ எப்போதும் அதைத்தான் போடுவாய் என்று எனக்குத் தெரியும்; நீ ஆடும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அதே இடைவேளை, அதே வாக்கியம், அதே தொனி. வரிசையாக எல்லாப் பெயரும் பச்சை. மொட்டை 'உற்சாகமடைந்தார்'. எனக்கு மகிழ்ச்சிக்குப் பதிலாகக் கோபம் வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை, தாயி. சொன்ன ஆளுக்கு ஊரில் உள்ள பேர் மட்டும்தான் மாறியது. இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். பிறகு அந்த அணியை அழித்துவிட்டு என் பழைய அணிக்கே திரும்பிப் போனேன். அங்கே இருபத்துநான்கு அணிகளில் நான் இருபத்தோராம் இடத்தில் இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

இந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. நான் ஓய்வுபெற்ற வருஷம் திருமங்கலத்தில் ஒரு டியூஷன் சென்டரில் கொஞ்ச நாள் பாடம் எடுக்கப் போனது உனக்கு நினைவிருக்கும். எங்கள் பள்ளியில் நான் வராந்தாவில் வருகிறேன் என்றாலே வகுப்பு அடங்கிவிடும். என் பாடத்தின் அழகுக்காகத்தான் அப்படி அடங்குகிறார்கள் என்று கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தேன். திருமங்கலத்தில் அதே பாடத்தை, அதே மெழுகுவர்த்தி, அதே கண்ணாடிக் குவளையை வைத்து நடத்தினேன். முதல் பெஞ்சில் ஒருத்தன் கொட்டாவி விட்டுவிட்டு, "சார், எங்க ரெகுலர் சார் எப்ப வருவாரு?" என்று கேட்டான். நான் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அப்புறம் மெல்ல மெல்லப் புரிந்தது. வராந்தாவில் எனக்கு முன்னால் என் பேர் நடந்து போய் வகுப்பை அடக்கி வைத்திருந்தது. முந்தைய வருஷத்துப் பையன்கள் அடுத்த வருஷத்துப் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்த்த பேர் அது. திருமங்கலத்துக்கு அது என்னோடு பஸ் ஏறவில்லை.

அதனால் செல்வம் உன்னைக் கேட்ட கேள்வியை வெறும் திமிர் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆட்டக்காரன் எவனும் அந்தக் கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான். இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். இப்படியெல்லாம் புத்தியோடு யோசித்தேனே தவிர, வியாழக்கிழமை காலையில் நான் செய்த காரியத்தைக் கேள். மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். செல்வத்துக்கு அங்கே வண்டி உதிரிபாகக் கடை இருக்கிறது என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அவரிடம் "அது என் மகள், பார்த்து நடந்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவது என்பது திட்டம்.

கடை வாசலில் வண்டியை நிறுத்தியதுமே உள்ளேயிருந்து ஒரு ஆள் எழுந்து ஓடி வந்தான். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தான்.

"சார்! வாங்க சார், வாங்க. என்னயத் தெரியுதா சார்? பத்தாவது பி செக்சன். ஆசிட்ட டெஸ்குல ஊத்துனேன்ல சார்."

தெரிந்தது. உன் கேப்டன் செல்வம் என் பழைய மாணவன். அந்த டெஸ்கின் கறை நான் ஓய்வுபெறும் வரை அப்படியே இருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், டீ சொன்னான். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "இன்னும் பந்து விளையாடுறியாப்பா?" என்றேன். அவ்வளவுதான், அவனே கொட்டிவிட்டான்.

"ஆடுறேன் சார். ஆனா இப்ப ஒரு பொம்பளப் புள்ளய கோச்சாப் போட்ருக்காய்ங்க சார். சின்னப் புள்ள. கையில நோட்ட வச்சுக்கிட்டு அங்க போ, இங்க வான்னு சொல்லுது. எங்க பயலுக எல்லாம் சிரிக்கிறாய்ங்க."

"நீ?"

"நானும்தான் சிரிச்சேன்." டீ கிளாஸை உள்ளங்கைக்குள் உருட்டினான். "ஆனா ஒண்ணு சார். அது சொன்னது சரிதான். மேல போனா என்னால திரும்பி வர முடியல. முழங்காலு முன்ன மாதிரி இல்ல சார். எனக்கே தெரியும். ஆனா அத அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லிருச்சு. பதினஞ்சு வருசமா அவிங்களுக்கு நான்தான் எல்லாம். அப்புறம் எனக்கு என்ன சார் மரியாத? அதான் வாயில வந்தத கேட்டுட்டேன்."

என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, தாயி. அந்தப் பிள்ளைக்கும் முழங்கால்தானடா போனது என்று சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவன், "நீங்க என்ன சார் இந்தப் பக்கம்? எதும் வேணுமா?" என்று கேட்டான். நான் சுற்றிப் பார்த்து, கண்ணுக்கு எதிரே தொங்கிய ரியர் வியூ கண்ணாடியைக் காட்டி, "அது ஒண்ணு குடு" என்றேன். காசு வாங்க மாட்டேன் என்று அவன் கெஞ்ச, நான் வைத்துவிட்டு வந்தேன். மேஜை மேல் மூன்று நாளாகக் கிடக்கும் கண்ணாடியின் கதை இதுதான். வண்டியில் ஏற்கெனவே இரண்டும் நன்றாக இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொம்பு மாதிரி நடுவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்கிறாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மொட்டையின் நினைப்பு. இத்தனை மாதமாக அவர் ஏன் என்னை மதிக்கவில்லை என்று மட்டும்தான் யோசித்திருக்கிறேன். அவருக்கும் ஒரு பேர் இருக்கிறது, அது கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, எல்லார் முன்னாலும் நான் பேசும்போதெல்லாம் அதில் ஒரு துண்டு உடைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேர் இல்லாத மேனேஜரும், பேர் போய்க்கொண்டிருக்கிற ஆட்டக்காரரும் ஒரே வட்டத்துக்குள் நின்றால் இரண்டு பேருக்கும் பயம். உன் பயம் சத்தமாக வந்தது. அவர் பயம் கேலியாக வந்தது. கூட இருந்தவர்களுக்குக் கேலிதான் பிடித்தது.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? அவன் என்னை நம்பி, தன் பழைய வாத்தியார் என்று நினைத்து, மனதில் இருந்ததைச் சொன்னான். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அதை அப்படியே உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தால் அவனைக் காட்டிக்கொடுத்தது போலாகும். சொல்லாமல் இருந்தால் நீ இன்றோடு விட்டுவிடுவாய். வெள்ளிக்கிழமை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் தவித்தேன். உப்பு இல்லாத ரசத்தைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேனாம்.

அன்று சாயங்காலம் நீயாகவே வந்து என் பின்னால் நின்றாய். நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

"எத்தனாவது இடம்ப்பா?"

"இருபத்தொண்ணு."

"இன்னுமா? பேசாம மேனேஜர தூக்கிற வேண்டியதுதான்" என்று சிரித்தாய். அந்த வாரம் முழுவதற்கும் அதுதான் உன் முதல் சிரிப்பு. இடைவேளை வந்தது. நான் உதவிப் பயிற்சியாளரைப் பேசச் சொல்லும் பொத்தானை அழுத்தினேன்.

"ஏம்ப்பா, நீ பேச மாட்டியா?"

"நான் பேசுனா கெட்டுப்போகுதும்மா. எனக்குத்தான் பேர் இல்லையே. பேர் உள்ளவன விட்டுப் பேசச் சொல்லிட்டு நான் நிக்கிறேன். ஜெயிச்சா எனக்கும் கொஞ்சம் பேர் ஏறுது."

"அந்த மொட்ட?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தந்திரம் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். "அந்தாளுக்கு வயசாயிருச்சும்மா. அது அவருக்கே தெரியும். எல்லார் முன்னாடியும் சொன்னா கோவப்படுறாரு. தனியாக் கூப்ட்டு, ஒங்களாலதான் ஆகணும்னு கேட்டா கேக்குறாரு" என்றேன். உண்மையில் மொட்டையைத் தனியாகக் கூப்பிட்டு நான் அதுவரை பேசியதே இல்லை. திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாய். பிறகு மேஜை மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாய். "நாளைக்கு ப்ராக்டிஸ் இருக்கு. வெள்ளன எழுப்பி விடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பார்வையில் உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா, இல்லை நான்தான் பயப்படுகிறேனா என்று இந்த நிமிஷம் வரை தெரியவில்லை. நேற்றுப் பயிற்சி முடிந்து வந்து நீ எதுவும் பேசவில்லை. சாப்பிட்டாய், உறங்கினாய். அதை நல்லது என்று எடுப்பதா, கெட்டது என்று எடுப்பதா?

உனக்கு அறிவுரை சொல்லத்தான் தாளை எடுத்தேன். எழுதிப் பார்த்தால் எனக்கே அதிகம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டைச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் என் அணியின் கோல் கீப்பர் ஒரு இளவட்டம். நான் என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும் அவன் பெயர் பச்சைதான். அப்படி ஒருத்தன் எல்லா அணியிலும், எல்லா வகுப்பிலும் இருப்பான். அவனை வைத்து உன் திறமையை அளக்காதே. அவனை மறந்தும் விடாதே. பாராட்டைக் காரணத்தோடு கொடு. "நல்லா ஆடுனீங்க" என்றால் பேர் இல்லாதவர் வாயில் அது இச்சகம் போலக் கேட்கிறது. "அந்த ரெண்டாவது கோல்ல நீங்க அடிக்காம பக்கத்தாளுக்குப் பந்த விட்டுக்குடுத்தது நல்லாருந்துச்சு" என்றால், பார்த்திருக்கிறாளே என்று நினைப்பார்கள். முடியாததை வாக்குக் கொடுக்காதே. ஒரு பையனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போனேன்; அவன் ஒருத்தன் கோபம் அணி முழுக்கப் பரவி, நான்கு ஆட்டம் தோற்றேன். அந்த விளையாட்டில் மேனேஜரின் பேரை நட்சத்திரங்களால் அளக்கிறார்கள்; ஏறும்போது அரை நட்சத்திரமாகத்தான் ஏறுகிறது. இறங்கும்போது அப்படி இல்லை.

நீ தொடக்கக் கேள்விக்கு எப்போதும் மேலே உள்ளதையே போட்டு ஆடியவள். அதில் தப்பில்லை, கட்டிலில் கிடந்தவளுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் ஆரப்பாளையத்தில் அந்தக் கேள்விக்கு உன்னால் பொய் சொல்ல முடியாது. செல்வம் கேட்டான். அன்றைக்கு நீ பதில் சொல்லவில்லை. "காலேஜ் டீமுக்கு ஆடுனேண்ணே, முழங்கால் போச்சு, நின்னுட்டேன்" என்று ஒருநாள் நீயே அவனிடம் சொல்லிவிடேன். என் வாயால் அது போக வேண்டாம். அதனால்தான் அன்று வாயை மூடிக்கொண்டு கண்ணாடி வாங்கினேன்.

ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. இப்போது இடைவேளையாகத்தான் இருக்கும். சட்டையை மாட்டிவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். செருப்பையும் போட்டுவிட்டேன். போன் அடிக்கிறது, இரு.

உன் அம்மாதான். காற்றும் சத்தமுமாக இருந்தது. அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். என்னாச்சு? அவ பேசுறாளா?"

"இல்லங்க. அந்த கேப்டன் பய பேசுறான். இவ அவன் பக்கத்துல நிக்கிறா."

"சும்மாவா நிக்கிறா?"

"கையக் கட்டிக்கிட்டு நிக்கிறா. அவன் எதையோ சொல்லிட்டு இவளத் திரும்பிப் பாக்குறான். இவ தலைய ஆட்டுறா. அவன் மறுபடி பேசுறான். அவன் இப்ப நடுவுல ஆடுறானாம்ங்க, இடது பக்கம் வேற ஒரு சின்னப் பயல விட்ருக்காங்கன்னு பக்கத்துல நின்ன ஆளு சொன்னாரு. அவனா கேட்டு மாறிக்கிட்டானாம்."

"மத்தவங்க?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. ஒருத்தன் மட்டும் பூட்ஸ் கயித்தக் கட்டுறான்."

"முதுகக் காட்டிக்கிட்டா?"

"இல்லங்க, இவங்களப் பாத்துக்கிட்டேதான் கட்டுறான். என்ன கேள்விங்க இது?"

"சரி, எத்தனைக்கு எத்தன? யாரு ஜெயிக்கிறா?"

"அத யாரு பாத்தா? நான் எம்புள்ளயப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டேன், தாயி. இரண்டாம் பாதி தொடங்கியிருக்கும். நீ வந்ததும் யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்பேன், அதற்கு எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு. படித்துவிட்டு ஒன்றை மட்டும் முடிவு செய்து சொல். மூன்றாவது கண்ணாடி இந்த வீட்டில் யாருக்கும் உபயோகமில்லை. திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்க நான் செல்வம் கடைக்குப் போகட்டுமா, வேண்டாமா? போனால் எதற்கு வாங்கினேன் என்று அவனிடம் சொல்ல வேண்டியிருக்கும். நீ வேண்டாம் என்றால் அது மேஜை மேலேயே கிடக்கட்டும். நான் யாருடைய அப்பா என்பதை அந்த அணிக்கு எப்போது சொல்வது என்று மேனேஜர்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த அணிக்கு மேனேஜர் நீ.

இருபத்தோராம் இடத்திலிருந்து,
அப்பா